வாஷிங் மெஷினுக்கு அடியில் ஒரு துண்டு

அத்தியாயம் 14

போன வாரம் பல் டாக்டரையும் அவர் மனைவியையும் சாப்பாட்டு மேஜையில் விட்டுவிட்டு வந்தோம். இன்னும் அங்கேயேதான் இருக்கிறார்கள். சாப்பிடவில்லை. அந்த மேஜையில் யாரும் சாப்பிட்டு இரண்டு மாதம் ஆகிறது. தட்டு வைக்கிற இடத்தில் கடல் வரைபடம், தண்ணீர்ச் செம்பு வைக்கிற இடத்தில் காம்பஸ்.

பல் டாக்டர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அந்தப் பக்கம் ஸ்பூன் விழுந்தால் இந்தப் பக்கம் நான் குனிவேன். ஒட்டுக்கேட்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. கட்டியவர் செங்கல்லில் கஞ்சத்தனம் பண்ணினதற்கு நான் என்ன செய்ய முடியும்?

இந்த வாரம்தான் படிக்க ஆரம்பிக்கிறவர்களுக்கு நாலு வரி சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

இருபத்தாறு வருடம் ஊரார் வாய்க்குள்ளேயே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டருக்கு, திடீரென்று அகலமாக எதையாவது பார்க்க வேண்டும்போல் இருந்தது. பழைய மோட்டார் படகு ஒன்றை வாங்கினார். உல்லாசப் படகு என்று அதற்குப் பெயர். படகு வந்தது, உல்லாசம் வரவில்லை. அதில் ஏறி, கண்ணுக்குக் கரையே தெரியாத கடலை நாலரை நாளில் தாண்டி அந்தப் பக்கம் போக வேண்டும் என்பது அவருடைய திட்டம்.

கூடப் போக வேண்டியவர் அவருடைய தம்பி. சின்னவர் என்றால் துறைமுகத்தில் எல்லோருக்கும் தெரியும். கப்பல் எஞ்சின்களோடேயே வளர்ந்து, எஞ்சின் மாதிரியே பேசுகிறவர். மூன்று மாதத்துக்கு முன் வெள்ளோட்டம் போன அன்று நடுவழியில் எஞ்சின் நின்றுபோனது. தொட்டிக்குள் அளவுக் குச்சியை விட்டுப் பார்த்தார்கள். ஐந்து விரல் டீசல் இருக்கிறது என்றது குச்சி.

"டீசல் இருக்கு. அப்ப கோளாறு எஞ்சின்ல. எஞ்சின்னா நீதான்" என்றார் டாக்டர்.

"டீசல் தீர்ந்து போச்சு. உங்க குச்சி பொய் சொல்லுது" என்றார் சின்னவர்.

குச்சியை டாக்டர் தன் கையாலேயே செய்திருந்தார். அதைப் பொய் என்றால் தாங்குவாரா? வேறொரு படகு கட்டி இழுத்து வந்து கரை சேர்த்ததும், படகுத்துறையில் பத்துப் பேர் பார்க்க, "நீ எஞ்சினுக்கு வைத்தியம் பாக்கறவன் இல்லடா, எஞ்சினுக்கு வந்த வியாதி" என்றார். சின்னவர் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தவர்தான். அண்ணன் வீட்டு வாசல்படியை அதற்கப்புறம் மிதிக்கவில்லை.

அவர் இடத்தில் இப்போது டாக்டரின் ஒரே மகள் போகிறாள். வீட்டில் அவளுக்குப் பெயர் சுண்டு. இருபத்து மூன்று வயது. படகு ஓட்டும் உரிமம் வாங்கியவள். நாளை மறுநாள் விடிந்ததும் கிளம்புகிறார்கள், அப்பாவும் பெண்ணும் மட்டும்.

கரையில் இருக்கப் போகிறவள் டாக்டரின் மனைவி. வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டிருக்கிறாள். படகு வந்த முதல் நாள், துறையின் விளிம்பிலிருந்து மூன்றடி தள்ளி நின்று, "நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டுத் திரும்பியவள். இதுவரை ஒரு கால் அதில் வைத்ததில்லை. இரண்டு மாதமாக அவள் வேண்டிக்கொள்வதெல்லாம் ஒன்றுதான், ஏதாவது ஒரு தடங்கல். காய்ச்சல், புயல், வீட்டு ஓனர், எதுவானாலும் சரி. அந்தத் தடங்கல் தன் வீட்டுக்குள்ளேயே, அதுவும் சோப்புத் தண்ணீரில் ஊறிக்கொண்டு கிடக்கிறது என்று அவளுக்கு இன்று காலை வரை தெரியாது.

இன்று காலை ஒன்பது மணிக்கு நான் பட்டன் அறுந்த ஒரு சட்டையோடு அவர்கள் வீட்டுக்குப் போனேன். அந்தப் பட்டனை நான்தான் அறுத்தேன் என்று சிலர் சொல்வார்கள். சொல்லட்டும்.

"வாங்கக்கா, உக்காருங்க. பட்டன்தானே?" என்று டாக்டரின் மனைவி சட்டையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். மேஜைக்கு எதிர்ப்பக்கம் டாக்டர், கையில் சீட்டுக்கட்டு. எல்லாம் அவருடைய கிளினிக்கின் அப்பாயின்ட்மென்ட் சீட்டுகள். பயணத் திட்டம் முழுவதையும் அதிலேதான் எழுதியிருந்தார். 'நோயாளி பெயர்' என்று அச்சடித்த இடத்தில் 'இரண்டாம் நாள்'. 'புகார்' என்ற இடத்தில் 'அலை ஒன்றரை மீட்டர்'.

"முதல் விதி. படி."

"கரையில் இருப்பவர் பதறக் கூடாது."

"இன்னொரு தடவை."

"அதான் படிச்சாச்சே. அடுத்தது சொல்லுங்க." ஊசியில் நூல் கோத்தாள். மூன்றாவது தடவைதான் நூல் நுழைந்தது. அவளுக்கு அப்படி ஆகி நான் பார்த்ததில்லை.

"தினம் காலைல ஆறு, சாயங்காலம் ஆறு, சாட்டிலைட் போன்ல கூப்பிடுவேன். கூப்பிடலேன்னா?"

"ரெண்டு மணி நேரம் பொறுத்துப் பாக்கணும்."

"அப்புறம்?"

"அப்புறம் இதோ, கடலோரக் காவல்படை நம்பர், இதுக்குப் போன் பண்ணணும். பண்ணி... பண்ணி, எங்க வீட்டுக்காரரும் பொண்ணும் எங்க இருக்காங்கன்னு தெரியலேன்னு சொல்லணும். ஏங்க, இதையெல்லாம் வாய்விட்டுப் படிச்சே ஆகணுமா?"

"பல்லு பிடுங்கறதுக்கு முன்னாடி என்னென்ன ஆகலாம்னு பேஷன்ட்கிட்ட சொல்லித்தான் கையெழுத்து வாங்குவேன். இதுவும் அப்படித்தான்."

"பிடுங்கறது யாரோட பல்ல?"

டாக்டர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அடுத்த சீட்டை எடுத்தார். அதில் சிவப்பு மையில் ஒரு வட்டம்.

"இதான் ரொம்ப முக்கியம். பாதி வழி. மூணாம் நாள் காலைல இங்க வந்து சேருவோம். முன்னாடி போறதா, திரும்பி வரதான்னு முடிவு பண்ற இடம். அங்க எஞ்சின நிறுத்திட்டுத் தொட்டில குச்சி விட்டுப் பாப்பேன். மிச்ச தூரத்துக்கு இருபது விரல் டீசல் வேணும். குச்சி இருபத்து மூணு காட்டினா போவோம். அதுக்குக் கீழ ஒரு கோடு இறங்கினாலும் திரும்பிடுவோம், திரும்பறப்போ நீரோட்டம் நம்ம பக்கம், டீசல் கம்மியா போதும். நான் ஒண்ணும் முரட்டு ஆளில்ல, தெரிஞ்சுக்கோ. மூணு விரல் கைவசம் வெச்சுத்தான் எல்லாம்."

"எந்தக் குச்சி?" என்று கேட்டாள். சும்மாதான் கேட்டாள். கண் பட்டனில் இருந்தது.

"நான் செஞ்சேனே, அதான். வார்னிஷ் அடிச்சுப் பால்கனில காய வெச்சிருந்தேனே, அஞ்சு மாசம் முன்னாடி. இப்ப சுண்டு கையில இருக்கு. டீசல் நிரப்பப் போயிருக்கால்ல, சிவப்புக் கோடு வரைக்கும் நிரப்பிட்டு வரச் சொல்லியிருக்கேன்."

ஊசி நின்றது.

"அது கொடி கட்டற குச்சி இல்லையா?"

"கொடியா?" டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. "அம்மா தாயே! அதோட அடி தொட்டியோட தரையில முட்டும். எதுவரைக்கும் நனைஞ்சிருக்குன்னு பாத்தா எவ்வளவு டீசல்னு தெரியும். ஒரு கோடுன்னா ஒரு விரல். ஒரு விரல்னா நாப்பது லிட்டர். பல்லு துளைக்கற ட்ரில்லால மூணாம் விரல்லேர்ந்து ஒவ்வொரு கோடா போட்டேன், ஒரு நூல் பிசகாது."

"அடியில கொஞ்சம்... இல்லாம போயிட்டா?"

"இல்லாம போயிட்டான்னா?"

"சும்மா கேட்டேன்."

"அடி போயிட்டா குச்சி கீழ இறங்கி நிக்கும். டீசல் இல்லாத இடத்துல இருக்குன்னு சொல்லும். கடல் நடுவுல நம்மள நம்ப வெச்சுக் கழுத்தறுக்கும். ஏன், உனக்கு இப்பத்தான் இதிலெல்லாம் அக்கறை வருதா? நல்லது, நல்லது." சந்தோஷமாக அடுத்த சீட்டைப் புரட்டினார். "நாலாம் நாள்..."

அவள் விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம். ஊசி ஏறியதை அவள் கவனிக்கவில்லை, நான் கவனித்தேன்.

"துணி போட்டிருந்தேன். பாத்துட்டு வரேன்" என்று எழுந்து பின்கட்டுக்குப் போனாள். என் சட்டையும் அவள் தோளில் ஏறிப் போனது. சட்டை போகிற இடத்துக்கு நானும் போக வேண்டியதுதானே?

பின்கட்டில் வாஷிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அந்த மெஷினைப் பற்றி நான் ஒரு புத்தகமே எழுதுவேன். தரை சரிவு, மெஷினுக்கு ஒரு கால் குட்டை. பிழியும் நேரம் வந்தால் அது குதித்துக் குதித்துச் சுவர்வரை நடந்து வரும். என் வீட்டில் மாட்டியிருக்கும் படங்களெல்லாம் தலையாட்டும். ஐந்து மாதத்துக்கு முன் ஒரு நாள் திடீரென்று அந்தச் சத்தம் நின்றது. அவளிடம் கேட்டேன், "ஒரு கட்டை வெட்டி முட்டுக் கொடுத்தேன்க்கா" என்றாள். கெட்டிக்காரி என்று பாராட்டிவிட்டு வந்தேன்.

இப்போது அவள் தரையில் குந்தி, மெஷின் காலடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஒரு மரத்துண்டு, ஈரத்தில் கறுத்துப்போய்.

"இதுவா?" என்றேன்.

தலையாட்டினாள்.

"எதால வெட்டின?"

"பல்லு செட்டுக்கு அச்சு செய்வாரே, அந்த மாவுக்கட்டி அறுக்கற ரம்பம். மேசையில கெடந்துச்சு. பால்கனியில நீட்டா ஒரு குச்சி. கோடு எதுவும் இல்லாத நுனியாப் பாத்துத்தான் அறுத்தேன்க்கா. இவ்வளவு நீளக் குச்சில கொஞ்சம் போனா யாருக்குத் தெரியப் போகுதுன்னு நெனச்சேன்." முகத்தை முழங்கையால் துடைத்தாள். "துணியில அளவெடுக்காம நான் கத்தரி வெச்சதே இல்ல. வாழ்க்கையில ஒரு தடவை அளவெடுக்காம அறுத்தேன். அதுவும் அளவுகோலையே அறுத்திருக்கேன்."

"வெள்ளோட்டம் போனது?"

"இதை வெட்டினதுக்கு அப்புறம்." அவள் சத்தமில்லாமல் அழுதாள். "தம்பி சொன்னது சரிக்கா. குச்சி பொய்தான் சொல்லுச்சு. பத்துப் பேர் முன்னாடி அவர் வாங்கின பேச்சு எனக்கு விழ வேண்டியது."

மெஷின் உள்ளே டாக்டரின் கடல் பயணத்துக்கான கால்சட்டைகள் சுற்றிக்கொண்டிருந்தன. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கால் மேலே வரும், கீழே போகும், மறுபடி மேலே வரும். அவள் அதைப் பார்க்க முடியாமல் திரும்பிக்கொண்டாள்.

"சொல்லிடு" என்றேன்.

"சொன்னா என்ன ஆகும் தெரியுமா? குச்சிய சரி பண்ணிடுவாரு. தம்பிகிட்ட மன்னிப்புக் கேப்பாரு. தம்பியும் கூடப் போவாரு. எல்லாம் சரியாயிடும். அப்புறம் யாரு தடுக்க முடியும்? கண்டிப்பா கிளம்பிடுவாங்க."

"சொல்லலேன்னா?"

"சொல்லலேன்னா ரெண்டு பேரும் பாதி வழியில அந்தக் குச்சிய நம்பி முன்னாடி போவாங்க." மூக்கை உறிஞ்சினாள். "எப்படிப் பாத்தாலும் போறாங்கக்கா. திரும்பி வரணும்னா நான் வாயத் தெறக்கணும்."

நான் வேறு வீட்டுக் கதைகளில் பார்த்திருக்கிறேன், இந்த இடத்தில் நாலு நாள் யோசிப்பார்கள், அத்தியாயம் ஓடும். இவள் யோசிக்கவில்லை. நேரே மேஜைக்குப் போனாள், வரைபடத்தின் மேல் இரண்டு கையையும் ஊன்றினாள், ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

டாக்டர் கத்துவார் என்று நான் சுவரோரமாக நின்றேன். அவர் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. சிவப்பு வட்டம் போட்ட சீட்டைக் கையில் எடுத்து, 'இருபத்து மூன்று' என்று எழுதியிருந்ததையே பார்த்தார். உதடு மட்டும் கணக்குப் போட்டது.

"பொண்ண வெச்சுக்கிட்டு முன்னாடி போயிருப்பேன்" என்றார் கடைசியில். "சிரிச்சுக்கிட்டே போயிருப்பேன்."

இருவருமாக மெஷினைத் தூக்கி, துண்டை உருவினார்கள். மெஷின் உடனே ஆட ஆரம்பித்தது. வெட்டியது எவ்வளவு என்று யாரும் பார்க்கவில்லை. வெட்டியிருக்கிறது என்பதே போதுமானதாக இருந்தது. பிடுங்கிய பல்லைப் பஞ்சில் சுற்றுகிற மாதிரி அதைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"வா. அவன்கிட்ட போவோம்."

அவள் மேஜையில் கிடந்த சீட்டுக்கட்டை எடுத்துக்கொண்டு கூடவே நடந்தாள். சட்டை இன்னும் அவள் தோளில். நானும் போனேன்.

சின்னவரின் பட்டறை படகுத்துறையை ஒட்டி இருக்கிறது. வாசலிலிருந்து பத்தடியில் தண்ணீர். பட்டறைக்குள் ஒரு எஞ்சினைக் குடல் வேறு குந்தாணி வேறாகப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அண்ணனைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. அண்ணியைப் பார்த்ததும் எழுந்தார்.

"வாங்கண்ணி. யாருக்குப் பல்லு வலி?"

டாக்டர் தொண்டையைச் செருமினார். மறுபடி செருமினார். இருபத்தாறு வருடமாக 'வாயைத் திறங்க' என்று சொல்லியே பழகியவருக்குத் தன் வாய் திறக்கவில்லை. மனைவிதான் சொன்னாள். பால்கனி, ரம்பம், மெஷின், எல்லாவற்றையும்.

சின்னவர் கேட்டு முடித்தார். முதலில் தோள் குலுங்கியது. அப்புறம் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"வாஷிங் மெஷினா! மூணு மாசம் தூக்கம் இல்லாம யோசிச்சேன் அண்ணி! எஞ்சினக் குறை சொல்றதா, என்னக் குறை சொல்றதான்னு! கடைசில வாஷிங் மெஷினா!"

"டேய், நான் பேசினது தப்புடா" என்றார் டாக்டர், எஞ்சினைப் பார்த்துக்கொண்டு.

"இங்க சொன்னா செல்லாது. அந்தப் பத்துப் பேர் முன்னாடி சொல்லணும்."

"சொல்றேன்."

"பத்துப் பேரும் இருக்கணும். அதுல ஒருத்தர் வெளியூர் போயிருக்கார், அவர் வரட்டும்." கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினார். "எங்க அந்தத் துண்டு? அதுக்கு ஒரு மாலை போடணும்."

டாக்டர் கைக்குட்டையைப் பிரித்துக் கொடுத்தார். சின்னவர் அதைத் தூக்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், பழக்க தோஷத்தில் அதன் மேல் விரலை வைத்தார். ஆள்காட்டி விரல், நடுவிரல். அதோடு துண்டு முடிந்துவிட்டது.

சிரிப்பு அப்படியே வடிந்தது. ஒருவர் முகத்திலிருந்து சிரிப்பு இறங்குவதை அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததில்லை.

"அண்ணி, இவ்வளவுதான் வெட்டினீங்களா? வேற துண்டு ஏதாவது?"

"இல்ல தம்பி. ஒரே வெட்டு."

"அண்ணா, எஞ்சின் நின்னப்போ குச்சி என்ன காட்டுச்சு?"

"அஞ்சு. அதான் உலகத்துக்கே தெரியுமே."

"இது ரெண்டு விரல். அஞ்சுல ரெண்டு போனா மூணு. அடியில, எஞ்சினுக்கு உறிஞ்சற குழாய்க்கு எட்டாம நிக்கறது எவ்வளவு?"

"ஒரு விரல்."

"மூணுல ஒண்ணு போனா?"

டாக்டர் விரலை மடக்கி, விரித்து, மறுபடி மடக்கினார். அவருக்குக் கணக்கு வரும். அதனால்தான் நம்ப முடியவில்லை.

"ரெண்டு விரல் டீசல்" என்றார் சின்னவர். "எண்பது லிட்டர். இன்னும் அஞ்சு மணி நேரம் ஓடியிருக்கலாம். நானும் தப்புண்ணா. டீசல் இல்லேன்னு சத்தியம் பண்ணேன். இருந்துச்சு. இருந்தும் எஞ்சின் நின்னுச்சு."

ஒரு விஷயத்தை நான் சொல்லியே ஆக வேண்டும். இந்த மனிதர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். மூன்று மாதம் கழித்துக் கிடைத்த ஜெயம், அண்ணன் தலை குனிந்து நிற்கிறார், அண்ணி அழுதிருக்கிறாள், துண்டு எத்தனை விரல் என்று வேறு யாரும் பார்க்கப் போவதில்லை. அந்த ஜெயத்தைப் பத்து நிமிடம்கூட வைத்துக்கொள்ளாமல் அவரே கீழே போட்டார்.

"அப்ப ஏன் நின்னுச்சு?" அவள்தான் கேட்டாள்.

"தொட்டியோட அடியில ஏதோ கெடக்குண்ணி. சேறா இருக்கலாம், பழைய ஆள் விட்டுட்டுப் போன துணியா இருக்கலாம். அலையில படகு ஆடினா எழும்பும், போய்க் குழாய் வாயில அடைச்சுக்கும். எஞ்சின் மூச்சு முட்டிச் செத்துடும். ஆட்டம் நின்னா மறுபடி அடியில போய்ப் படுத்துக்கும்."

"மூணு மாசமா நல்லாத்தானேடா ஓடுது?"

"எங்க ஓட்டினீங்க? துறைக்குள்ள. குளத்துல ஓட்டற மாதிரி." சின்னவர் வாசல் பக்கம் பார்த்தார். படகு கட்டுகிற இடம் காலியாக இருந்தது. "சுண்டு எங்க?"

டாக்டரும் அந்தக் காலி இடத்தைப் பார்த்தார்.

"டீசல் நிரப்ப" என்றார் டாக்டர். "அந்தப் பக்கத் துறைக்கு."

"தனியாவா?"

"துறைமுகத்துக்குள்ளதானேடா..."

"அண்ணா!" சின்னவர் குரல் பட்டறைத் தகரத்தில் மோதித் திரும்பியது. "அவ்வளவு டீசல் வேகமா உள்ள விழுந்தா அடியில கெடக்கறது எல்லாம் கலங்கி எழும்பிடும். திரும்பி வரப்போ கப்பல் போற வழியக் குறுக்கால தாண்டணும். கூப்பிடுங்க. நிரப்பியிருந்தாலும் அங்கேயே கட்டிப்போட்டு நிக்கச் சொல்லுங்க."

டாக்டர் போனை எடுத்தார். எல்லோரும் கேட்கும்படி வைத்தார். நாலு முறை அடித்தது. நாலுக்கும் டாக்டரின் மனைவி தன் தாலிக் கயிற்றை அறுந்துவிடும்போல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா!" சுண்டுவின் குரல். பின்னால் எஞ்சின் சத்தம், டப டப டபவென்று சீராக. "சிவப்புக் கோடு வரைக்கும் நிரப்பிட்டேன். கிளம்பியாச்சு. பாதி வந்துட்டேன். இன்னிக்கு வெளியில காத்து கொஞ்சம்..."

"சுண்டு, திரும்பிப் போ."

"என்னது?"

"திரும்பிப் போயி..."

டப டப டப. டப... டப. ஒரு இருமல். மறுபடி டப.

பிறகு ஒன்றுமில்லை. போனுக்குள் தண்ணீர் படகின் வயிற்றில் அறைகிற சத்தம் மட்டும், பக்கத்தில் நின்று கேட்பதுபோல் அவ்வளவு தெளிவாக.

"அப்பா, எஞ்சின் நின்னுடுச்சு." குரலில் இன்னும் பயம் ஏறவில்லை. "ஒரு நிமிஷம், மறுபடி போட்டுப் பாக்கறேன்." ஒரு முனகல். இன்னொரு முனகல். "வர மாட்டேங்குது. அப்பா, சித்தப்பா அங்க பக்கத்துல எங்கயாவது இருக்காரா?"

சின்னவர் அதற்குள் வாசலுக்கு ஓடியிருந்தார். அங்கிருந்தே கத்தினார். "நங்கூரத்தப் போடு சுண்டு! முதல்ல நங்கூரம்!"

சங்கிலி ஓடுகிற சத்தம் கேட்டது. ஓடிக்கொண்டே இருந்தது. நின்றது.

"போட்டுட்டேன் சித்தப்பா. மொத்தமும் விட்டுட்டேன்." இப்போது பயம் ஏறியிருந்தது. "தரை தட்டல."

வெளியே, தூரத்தில், ஒரு கப்பல் சங்கு ஊதியது. அதே சங்கு போனுக்குள்ளும் ஊதியது, இன்னும் பெரிதாக.

சின்னவரின் சின்னப் படகில் இரண்டு பேருக்கு மேல் இடமில்லை, மீதியெல்லாம் எஞ்சின் சாமான்கள். அவர் மோட்டாரின் கயிற்றை இழுத்துக்கொண்டே, "கயிறு வீசிப் பிடிக்க ஒரு ஆள் வேணும்!" என்றார். டாக்டர் ஒரு அடி எடுத்து வைத்தார். கையில் போன், போனில் மகள். வைக்கவும் முடியவில்லை, ஓடவும் முடியவில்லை.

விளிம்பிலிருந்து மூன்றடி தள்ளி நிற்கிறவள் அந்த மூன்றடியை எப்போது கடந்தாள் என்று நான் பார்க்கவில்லை. பார்த்தபோது படகில் இருந்தாள். உட்காரத் தெரியாமல் உட்கார்ந்து, ஒரு கையால் பலகையைப் பிடித்துக்கொண்டு, மற்றொரு கையால் சீட்டுக்கட்டைக் கணவர் பக்கம் நீட்டினாள்.

"நம்பர் இதுல இருக்கு. நீங்க இங்க இருங்க."

படகு பறந்தது. என் சட்டையும் அவள் தோளில் பறந்துகொண்டே போனது.

டாக்டர் முதல் சீட்டைப் பார்த்தார். அவருடைய கையெழுத்து. கரையில் இருப்பவர் பதறக் கூடாது. மகள் பேசுகிற போனைக் கை மாற்றிப் பிடிக்கப் போய்ச் சீட்டுகள் தண்ணீரோரம் உதிர்ந்தன. நம்பர் இருந்த சீட்டை நான் காலால் மிதித்துப் பிடித்தேன். என் போனிலேயே எண்ணை அழுத்தி அவர் காதில் வைத்தேன்.

எடுத்தவர்கள் நிதானமாகக் கேட்டார்கள். என்ன படகு, எந்த இடம், எவ்வளவு நேரமாக. டாக்டர் ஒவ்வொன்றாகப் பதில் சொன்னார்.

"மொத்தம் எத்தனை பேர் சார் தண்ணியில?"

அவர் எட்டிப் பார்த்தார். சுண்டு இருந்த படகு கண்ணுக்குத் தெரியவில்லை. சின்னப் படகு ஒரு புள்ளி. இரண்டுக்கும் நடுவில் எங்கிருந்தோ ஒரு கப்பலின் மூக்கு மெல்ல நுழைந்துகொண்டிருந்தது.

"மூணு பேர்" என்றார். பிறகு, அவர்கள் கேட்காமலே சொன்னார். "எங்க வீட்டு ஆளுங்க எல்லாரும்."